"நாட்டின் கடன்" என்று நாளிதழில் வரும் எண்ணைச் சரிபார்ப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். செய்தி நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்த நான்கு வரிகளைத் தமிழாக்கி, "இந்திய அரசின் வெளிநாட்டுக் கடன் உயர்வு" என்று தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மதியம் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. "தம்பி, என் மகன் துபாயில் இருக்கிறான். அவன் அனுப்பும் பணம் இங்கே என்ஆர்இ கணக்கில், அதாவது வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கில், வைப்பாகக் கிடக்கிறது. நீங்கள் போட்ட எண்ணில் அதுவும் சேர்த்திதான். அப்படியென்றால் அரசாங்கம் என் மகனிடம் கடன்பட்டிருக்கிறதா?" என்று கேட்டார்.

எண்ணில் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. "அரசின்" என்ற ஒற்றைச் சொல்தான் செய்தியைக் கெடுத்திருந்தது. அன்று முதல் கடன் செய்திகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். நான் பார்த்தவரையில் எண்ணே பொய்யாக இருப்பது அபூர்வம். யாருடைய கடன், எந்தத் தேதியில், எதனோடு ஒப்பிட்டு என்ற அடைமொழிகளில்தான் கோளாறு நுழைகிறது. அந்த அடைமொழிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: இது யார் வாங்கிய கடன்?

இதில் தவறினால் மற்றப் படிகளுக்குப் போய்ப் பயனில்லை. "இந்தியாவின் கடன்" என்ற பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு கணக்குகள் உலவுகின்றன. மத்திய அரசின் கடன் ஒன்று. ஒவ்வொரு மாநில அரசின் கடன் இன்னொன்று. மத்திய, மாநில அரசுகளைச் சேர்த்துப் பார்க்கும் "பொது அரசு" கடன் மூன்றாவது. நாட்டின் வெளிக்கடன், அதாவது அரசு, வங்கிகள், நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குத் தர வேண்டியது, நான்காவது.

2023 மார்ச் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஜிடிபியில், 57.1 சதவீதம். பொது அரசின் கடன் சுமார் 81 சதவீதம். வெளிக்கடன் 18.9 சதவீதம். ஒரே நாடு, ஒரே காலம். ஒரு பத்திரிகை 57 என்றும் இன்னொன்று 81 என்றும் மூன்றாவது 19 என்றும் எழுதினால் மூன்றுமே சரியாக இருக்க முடியும். டீக்கடையில் இதை வைத்துச் சண்டை போடுபவர்களும் மூன்று பேருமே நியாயஸ்தர்கள்தான்.

மத்திய அரசின் கடனோடு மாநிலங்களின் கடனைக் கூட்டினால் பொது அரசின் கடன் வந்துவிடும் என்று நினைக்கலாம். வராது. மத்திய அரசு கடன் வாங்கி, அதில் ஒரு பகுதியை மாநிலங்களுக்குக் கடனாகக் கொடுக்கிறது. மூலதனச் செலவுக்காக ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடன் தருகிறார்களே, அதுபோல. அந்தப் பணம் இரண்டு ஏடுகளிலும் கடனாக நிற்கும். அப்படியே கூட்டினால் ஒரே ரூபாயை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். மாநில அரசுகள் தங்கள் கையிருப்பை மத்திய அரசின் கருவூல உண்டியல்களில், அதாவது அரசு வெளியிடும் குறுகிய காலக் கடன் பத்திரங்களில், போட்டு வைப்பதும் இதே சிக்கல்தான். இவற்றைக் கழித்த பிறகு வருவதே பொது அரசின் கடன்.

வெளிக்கடனுக்கு வருவோம். 2025 மார்ச் முடிவில் இந்தியாவின் வெளிக்கடன் 736.3 பில்லியன் டாலர் என்று ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அதில் அரசுகளின் பங்கு 22.9 சதவீதம் மட்டுமே. நிதித் துறை சாராத தனியார், பொதுத்துறை நிறுவனங்களின் பங்கு 35.5 சதவீதம். வைப்புகளை ஏற்கும் வங்கிகளின் பங்கு 27.5 சதவீதம். வெளிநாடு வாழ் இந்தியர்கள் இங்குள்ள வங்கிகளில் போட்ட வைப்புகள் மட்டும் 16,000 கோடி டாலருக்கு மேல். அந்தப் பெரியவரின் மகன் போட்ட பணமும் அந்த வகையில்தான் வருகிறது. ஊர் வங்கியில் ரூபாயாகக் கிடந்தாலும், வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்திய வங்கி திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் அது வெளிக்கடன். அந்த 736.3 பில்லியனில் 31 சதவீதம் டாலர் கடனாக இல்லை, ரூபாய்க் கடனாகவே இருந்தது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

ஆகவே "இந்தியா உலக வங்கியிடம் 736 பில்லியன் டாலர் கடன்" என்று யாராவது பகிர்ந்தால், அதை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

அமெரிக்கச் செய்திகளிலும் இதே கண்ணி உண்டு. 2025 அக்டோபரில் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியது என்று வந்ததே, அது மொத்தக் கடன். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சமூகப் பாதுகாப்பு நிதியம் போன்ற அரசின் சொந்த நிதியங்களுக்கே அரசு தர வேண்டியது. மீதிதான் அரசுக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தர வேண்டியது. சந்தையை அலசுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கிறார்கள். தலைப்புக்கு முதல் எண்தான் போகிறது. பெரியது அல்லவா!

படி 2: அலகைக் கையால் மாற்றிப் பாருங்கள்

மொழிபெயர்ப்பு மேசையில் அதிகம் வழுக்குகிற இடம் இது. ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்த இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

736.3 பில்லியன் டாலர் என்றால் 73,630 கோடி டாலர். 7,363 கோடி என்று அச்சில் வந்தால் யாரோ ஒரு பில்லியனைப் பத்துக் கோடி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 மார்ச் முடிவில் டாலர் சுமார் 85 ரூபாய் 50 காசு. பெருக்கினால் ஏறத்தாழ 63 லட்சம் கோடி ரூபாய். இந்தப் பெருக்கலுக்குக் கைப்பேசியில் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பாதித் தவறுகள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு வழுக்கல், நாணயத்தின் பெயர் காணாமல் போவது. அமெரிக்காவுக்கு 38 லட்சம் கோடி, இந்திய மத்திய அரசுக்கு 155 லட்சம் கோடி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நம்முடையது நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். முதலாவது டாலர், இரண்டாவது ரூபாய்.

படி 3: எந்தத் தேதிக்கு? நடந்ததா, நடக்கப்போவதா?

தமிழ்த் தலைப்புகளுக்கு வினைச்சொல்லை விழுங்கிவிடும் பழக்கம் உண்டு. "தமிழக அரசின் கடன் ரூ.9.29 லட்சம் கோடி" என்று போட்டால், இருக்கிறதா இருக்கப்போகிறதா என்று தெரியாது. வினையோடு காலமும் போய்விடுகிறது.

9,29,959 கோடி ரூபாய் என்பது 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில் இருந்த எண். ஆனால் அது 2026 மார்ச் 31-ஆம் தேதி கடன் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு. பட்ஜெட் வந்த மறுநாள் காலையில் அதை "தற்போதைய கடன்" என்று எழுதினால் ஓர் ஆண்டைத் தாண்டிக் குதித்ததாகிவிடும்.

அரசின் கணக்கில் ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் வரும். ஆண்டு தொடங்கும் முன் பட்ஜெட் மதிப்பீடு. ஆண்டு முடியும் தறுவாயில் திருத்திய மதிப்பீடு. எல்லாம் முடிந்தபின் உண்மைக் கணக்கு. மூன்றும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் செய்தியில் ஓர் ஆண்டுக்கு உண்மைக் கணக்கும் மற்ற ஆண்டுக்கு மதிப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வளர்ச்சி விகிதத்தை நம்ப வேண்டாம்.

உண்மைக் கணக்குகூட மாறும். 2024 மார்ச்சுக்கான வெளிக்கடனை ரிசர்வ் வங்கி முதலில் 663.8 பில்லியன் டாலர் என்றது. அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே தேதிக்கு 668.8 என்று திருத்தியிருந்தது. பழைய கத்தரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு 736.3-லிருந்து கழித்தால் உயர்வு 72.5 பில்லியன் வரும். ரிசர்வ் வங்கி சொன்ன உயர்வு 67.5. கழிக்க வேண்டிய இரண்டு எண்களையும் ஒரே அறிக்கையிலிருந்து எடுப்பது நல்லது.

மாற்று விகிதமும் இதில் விளையாடுகிறது. பழைய வெளிநாட்டுக் கடனை அது வாங்கிய அன்றைய விகிதத்தில் கணக்கிடும் வழக்கம் ஒன்று. இன்றைய விகிதத்தில் கணக்கிடும் வழக்கம் இன்னொன்று. இன்றைய விகிதத்தில் பார்த்து, 2023-24 முடிவில் மத்திய அரசின் கடன் 171.78 லட்சம் கோடி, அதாவது ஜிடிபியில் 58.2 சதவீதம் என்று நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது. பழைய விகிதத்தில் பார்த்தால் எண் இதைவிடக் குறையும். இரண்டு பத்திரிகைகளில் இரண்டு மூன்று லட்சம் கோடி வித்தியாசம் தெரிந்தால், முதலில் இந்த வேறுபாடு காரணமா என்று பாருங்கள்.

படி 4: கடனா, பற்றாக்குறையா, இந்த ஆண்டு வாங்குவதா?

பற்றாக்குறை என்பது ஓர் ஆண்டில் விழும் துண்டு. கடன் என்பது இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த நிலுவை. தொட்டியில் விழும் தண்ணீரும் தொட்டியில் நிற்கும் தண்ணீரும் போல. "பற்றாக்குறை குறைந்தது" என்றால் கடன் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. குழாய் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

அரசு "வாங்கும் கடன்" என்பதிலும் மொத்தம், நிகரம் என இரண்டு உண்டு. 2025-26-இல் தமிழ்நாடு அரசு 1,62,096.76 கோடி ரூபாய் கடன் திரட்டவும் 55,844.53 கோடியைத் திருப்பிச் செலுத்தவும் திட்டமிட்டது. நிகரமாகக் கூடுவது சுமார் 1,06,252 கோடி. அந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை மதிப்பீடும் ஏறத்தாழ அதே அளவுதான், 1.07 லட்சம் கோடிக்கு அருகில். "ஒரே ஆண்டில் 1.62 லட்சம் கோடி கடன் சுமை" என்ற தலைப்பைப் பார்த்தால், பழைய கடனை அடைக்க வாங்கும் புதுக் கடனும் அதில் இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 5: எதனோடு ஒப்பிட்டார்கள்?

மத்திய அரசின் கடன் 2014 மார்ச் முடிவில் 58.6 லட்சம் கோடி. 2023 மார்ச் முடிவில் 155.6 லட்சம் கோடி. "இரண்டரை மடங்குக்கும் மேல்" என்று ஒரு கட்சி சொல்லும். "ஜிடிபியில் 52.2 சதவீதத்திலிருந்து 57.1 சதவீதம், ஐந்து புள்ளிகூட ஏறவில்லை" என்று இன்னொரு கட்சி சொல்லும். தாளில் போட்டுப் பாருங்கள். 58.6-ஐ 0.522-ஆல் வகுத்தால் அன்றைய ஜிடிபி சுமார் 112 லட்சம் கோடி. 155.6-ஐ 0.571-ஆல் வகுத்தால் சுமார் 272 லட்சம் கோடி. கடன் 2.65 மடங்கு, ஜிடிபி 2.43 மடங்கு. இரண்டு கட்சிகளின் எண்ணும் உண்மைதான். நிதானமாகப் பேச விரும்பும் பத்திரிகை இரண்டையும் ஒரே பத்தியில் போட்டிருக்கும். அப்படிப் போடாத செய்தியின் கடைசி வரியில் யாருடைய பேட்டி இருக்கிறது என்று பாருங்கள்.

வகுத்துப் பார்க்கும் இந்தச் சோதனை எல்லா இடத்திலும் உதவும். கடன் தொகையும் சதவீதமும் ஒரே செய்தியில் இருந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். வரும் ஜிடிபி நம்ப முடியாத அளவில் இருந்தால் இரண்டில் ஒன்று தப்பு.

எண்ணே தப்பாகிப்போன கதையும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. உலகெங்கும் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் அந்த எண்ணைக் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அந்த ஆய்வின் எக்செல் தாளைச் சோதித்தார். சராசரி எடுக்கும் கட்டளையில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. அதோடு வேறு சில தேர்வுகளையும் சரிசெய்தால் சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. எந்தப் பத்திரிகையும் அந்தத் தாளைத் திறந்து பார்க்கவில்லை. வீட்டுப்பாடமாகக் கணக்கைச் செய்து பார்த்த மாணவர்தான் பார்த்தார்.

படி 6: "தலைக்கு இவ்வளவு" என்றால் வகுத்தல் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

2021 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்ற எண் பத்திரிகைகளில் பரவலாக வந்தது. இது எங்கிருந்து வந்தது? 5,70,189 கோடியை 2.16 கோடிக் குடும்பங்களால் வகுங்கள். துல்லியமாக 2,63,976 கிடைக்கிறது.

அடுத்த கேள்வி, 5,70,189 கோடி எந்தத் தேதிக்கு? அந்த ஆண்டு பிப்ரவரியில் தாக்கலான இடைக்கால பட்ஜெட்டில், 2022 மார்ச் 31-ஆம் தேதிக்கான மதிப்பீடாக இருந்த எண் அது. ஆகஸ்டில் செய்தி படித்த குடும்பத்தலைவர் அன்று தலையில் இருந்த சுமை என்று நினைத்தது, எட்டு மாதம் கழித்து இருக்கும் என்று ஊகித்த சுமை.

தலைக்கணக்கு மறைக்கும் இன்னொரு விஷயம், கடன் கொடுத்தவர் யார் என்பது. மாநில அரசு வெளியிடும் கடன் பத்திரங்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதி அமைப்புகளும் வாங்குகின்றன. அந்த நிறுவனங்களில் இருப்பது யார் பணம்? வங்கியில் வைப்பு வைத்திருக்கிற, காப்பீட்டுத் தவணை கட்டுகிற அதே குடும்பங்களின் பணம். கடன்பட்டவர் வரிசையில் நிற்பவர் கடன் கொடுத்தவர் வரிசையிலும் நிற்கிறார். இதனால் கடன் இனிப்பாகிவிடாது. வட்டியை வரிப்பணத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும். ஆனால் "உங்கள் தலையில் இவ்வளவு" என்று பயமுறுத்துகிற பாணி பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

படி 7: கணக்கில் ஏறாத கடன் எங்கே?

இதுவரை எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் தவறுகளைப் பார்த்தோம். சிறிதாக்கிக் காட்டும் வழிகளும் இருக்கின்றன. சொல்லப்போனால் இவற்றைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

மத்திய அரசு உணவு மானியத்தை இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டும். பல ஆண்டுகள் அதில் ஒரு பகுதியைத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியத்திடம் கடன் வாங்கிக்கொள்ளுமாறு கழகத்தை விட்டது. செலவு அரசுடையது. கடன் கழகத்தின் பெயரில். பட்ஜெட்டின் பற்றாக்குறையில் அது தெரியவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையர் இதைச் சுட்டிக்காட்டினார். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அரசு இந்தப் பழக்கத்தை நிறுத்தி, நிலுவையைத் தன் கணக்கில் ஏற்றியது. கொரோனா ஆண்டின் செலவோடு இதுவும் சேர்ந்துதான் 2020-21-இன் நிதிப் பற்றாக்குறை திருத்திய மதிப்பீட்டில் ஜிடிபியில் 9.5 சதவீதமானது.

மாநிலங்களில் மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் கடன்கள் இதே இடத்தில் இருக்கின்றன. அரசு உத்தரவாதம் மட்டும் கொடுத்திருக்கும். பட்ஜெட் ஆவணங்களில் உத்தரவாதங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கடன் செய்தி எழுதும் நிருபர் அந்தப் பக்கத்தையும் புரட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். புரட்டியிருந்தால் அவர் எழுதும் மற்றச் செய்திகளையும் தேடிப் படிக்கலாம்.

இலங்கையில் இந்த வேறுபாடு உலக அரசியலாகவே ஆகிவிட்டது. 2022 ஏப்ரல் 12-இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது, சீனாவின் பங்கு சுமார் 10 சதவீதம்தான் என்று பல பத்திரிகைகள் எழுதின. அதிகாரபூர்வ அட்டவணையைப் பார்த்து எழுதியவை அவை. துறைமுக அதிகாரசபை, மின்சார சபை போன்ற அரசு நிறுவனங்களின் பெயரில் இருந்த சீனக் கடன்கள் உள்ளிட்ட விடுபட்டவற்றைச் சேர்த்து உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவல என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ஆண்டே கணக்கிட்டார்கள். 2021 முடிவில் அரசுத்துறையின் வெளிக்கடனில் 19.6 சதவீதம் சீனாவுடையது என்று வந்தது. ஏறத்தாழ இரட்டிப்பு. "எல்லாம் சீனக் கடன்" என்று எழுதியவர்களுக்கும் இது பதில், "சீனக் கடன் அற்பம்" என்று எழுதியவர்களுக்கும் இது பதில்.

படி 8: எச்சரிக்கையா, கணிப்பா?

2023 டிசம்பரில் "இந்தியாவின் கடன் ஜிடிபியில் 100 சதவீதத்தைத் தாண்டும்: ஐஎம்எஃப்" என்ற பாணியில் செய்திகள் வந்தன. பன்னாட்டு நாணய நிதியத்தின் அறிக்கையில் இருந்தது, கடந்த கால அதிர்ச்சிகள் போன்றவை மீண்டும் தாக்கினால் 2027-28 வாக்கில் அப்படி ஆகக்கூடும் என்ற ஒரு மோசமான சூழ்நிலை. அது அடிப்படைக் கணிப்பு அல்ல. சாதகமான சூழ்நிலையில் அதே காலத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கலாம் என்பதும் அதில் இருந்ததை நிதியமைச்சகம் தன் விளக்கத்தில் எடுத்துக்காட்டியது. "ஆகக்கூடும்" என்பது தலைப்பில் "ஆகும்" என்றானது. தமிழில் மூன்று எழுத்து குறைந்தால் தலைப்பு ஒரே வரியில் அடங்கும் என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் செய்திக்குள்ளாவது அந்த "கூடும்" இருக்க வேண்டும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

மாநிலக் கடனுக்குப் பட்ஜெட் உரையின் கடைசிப் பகுதி. மத்திய அரசுக்குப் பட்ஜெட் ஆவணங்களில் வரவுப் பிரிவில் இருக்கும் கடன் நிலவர அட்டவணையும், நிதியமைச்சகத்தின் காலாண்டுக் கடன் மேலாண்மை அறிக்கையும். வெளிக்கடனுக்கு ரிசர்வ் வங்கி ஜூன் கடைசியில் வெளியிடும் குறிப்பு, அது மார்ச் முடிவுக்கானது. எல்லா மாநிலங்களையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் மாநில நிதிநிலை ஆய்வு. ஆனால் அதில் வருங்கால வைப்பு நிதி, காப்பு நிதியங்கள் போன்ற பொதுக் கணக்குப் பொறுப்புகளும் சேர்ந்திருப்பதால், ஒரு மாநில அரசு தன் உரையில் சொல்லும் எண்ணோடு அப்படியே பொருந்தாமல் போகலாம். யார் ஏமாற்றுகிறார்கள் என்று உடனே பாய வேண்டாம். முதலில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற அடிக்குறிப்பைப் படியுங்கள்.

தவறு உறுதியானால் ஆசிரியருக்கு எழுதுங்கள். வசைக்கு எந்த மேசையிலும் மதிப்பில்லை. தேதி, பக்கம், தவறான சொற்றொடர், சரியான சொற்றொடர், அதற்கான ஆவணம், ஐந்தும் நான்கு வரிக்குள் இருந்தால் திருத்தம் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

என் தவறுக்கும் திருத்தம் வந்தது. மூன்று நாள் கழித்து ஏழாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே இரண்டு வரி: "'இந்திய அரசின் வெளிநாட்டுக் கடன்' என்பதை 'இந்தியாவின் வெளிக்கடன்' என்று திருத்திப் படிக்கவும்." சில மாதம் கழித்து அந்தப் பெரியவர் மீண்டும் அழைத்தார். மகன் வைப்பை முடித்து, ஊரில் வீடு கட்டத் தொடங்கிவிட்டானாம். "எங்கள் பங்குக்கு நாட்டின் வெளிக்கடனைக் கொஞ்சம் குறைத்துவிட்டோம், தம்பி. அதைப் போடுவீர்களா?" என்றார்.